ஆணியில் தொங்காத வயர்

செய்தி வந்தபோது மதியம் இரண்டே கால் மணி. நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரிவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். மேசை டிராயருக்குள் போன் அதிர்ந்தது. அக்காவின் பக்கத்து வீட்டு டெய்லர். அவர் எனக்குப் போன் செய்வதே கிடையாது. தைத்த துணி தயாராகிவிட்டால்கூட அக்காவிடம்தான் சொல்லி அனுப்புவார்.

"அம்மா, கொஞ்சம் உடனே வாங்க. சார் புல்லுல விழுந்து கிடந்தாரு. ஆம்புலன்ஸ் வந்திருக்கு."

"மூச்சு இருக்கா?"

"புல்லு வெட்டற மெஷினை நிறுத்திட்டேன்மா" என்றார். நான் கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

விழுந்து கிடந்தவர் என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்து உள்ளே கம்பிகள் போகும் சத்தத்தைக் கேட்பார். பிடித்திருந்தால் ஏறுவார், பிடிக்காவிட்டால் படிதான். "என்ன அத்தான், வைத்தியம் பண்ணத் தெரிஞ்சவரே மருந்துக்குப் பயப்படலாமா?" என்று கேட்டால், "மருந்துல என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சவன்தான் பயப்படுவான், லைப்ரரி" என்பார். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் லைப்ரரி.

யாராவது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால், அவர் செய்யும் முதல் வேலை கருவிப்பெட்டியைத் திறப்பதல்ல. கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார். "உள்ள எத்தனை பேரு? சாப்பிட்டாச்சா? வந்துட்டேன், இனிமே பயப்படாதீங்க" என்று பேசிக்கொண்டே வேலையைப் பார்ப்பார். உள்ளே இருப்பவர்களுக்கு லிஃப்ட் நகர்வதைவிட வெளியே ஒரு ஆள் வந்துவிட்டான் என்று தெரிவதுதான் முக்கியம் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

லிஃப்ட் வேலையில் ஒரு சங்கதி உண்டு. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. கதவோரத்தில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் அதை நிறுத்திவிடும். ஆனால் பழுது பார்க்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது அந்த சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிக்கொள்ளும். அந்தத் துண்டு வயருக்கு ஜம்பர் என்று பெயர். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். மறந்து போனால் கதவு திறந்தபடியே லிஃப்ட் ஓடும்.

அத்தானின் ஜம்பர் சிவப்பு நிறம், ஒரு சாண் நீளம், இரண்டு பக்கமும் சின்ன கிளிப். திருமணமான புதிதில் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சட்டைப் பையைத் தடவியிருக்கிறார். வயர் இல்லை. தட்டில் கை வைத்தவர் அப்படியே எழுந்து ஓடினார். அலுவலகக் கட்டடம், ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். இவர் போய்ச் சேரும்வரை லிஃப்ட் ஏறியும் இறங்கியும் கொண்டிருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வயரை எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தவர் தட்டுக்குத் திரும்பவில்லை. மறுநாள் அக்கா முன்கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தாள். "இனிமே அது இங்க தொங்கினாத்தான் உங்களுக்குச் சாப்பாடு" என்றாள்.

அன்றிலிருந்து அந்த ஆணிதான் வீட்டுக்குக் கடிகாரம். ஆணியில் வயர் தொங்கினால் அத்தானுக்கு அன்றைய வேலை முடிந்தது. காலியாக இருந்தால் அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். நான் கல்லூரியில் படித்த நாட்களில் அக்கா வீட்டுக்குப் போனால், "அத்தான் வந்தாச்சா?" என்று கேட்பதில்லை, ஆணியைப் பார்ப்பேன். ஓய்வு பெற்ற நாளில் வயரை அதில் மாட்டினார். பிறகு அது அங்கேயே தொங்கியது. அக்கா தூசி தட்டும்போது அதற்கும் ஒரு தட்டு விழும்.

போன வருடம் அத்தானுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவான ஒரு புல்வெளி. தள்ளிக்கொண்டு போகும் பழைய புல்வெட்டியைத்தான் அதுவரை அத்தான் வைத்திருந்தார். மகன் வேறு ஊரில், பதினோராவது மாடியில் குடியிருக்கிறான். வந்து பார்த்துவிட்டு, இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான்.

"பதினோராவது மாடியா? அந்தக் கட்டடத்து லிஃப்ட்டை நான் கேட்டுட்டேன்டா. இருமல் இருக்கு அதுக்கு."

"அப்பா, விளையாடாதீங்க. இங்க உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்கறது?"

"உங்கம்மா இருக்கா."

"எனக்கே முட்டி மடங்கல. உங்களை நான் தூக்கவா?" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

பேசிப் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். தானாகப் புல் வெட்டும் மெஷின் ஒன்றை மகன் வரவழைத்தான். ஒரு மாதம் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால், மாதக் கடைசியில் அதைச் சோதிக்க வரும் கடை ஆளிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். மகனுடைய நிபந்தனை எளிமையானது. மெஷின் அப்பாவுக்குத் தொந்தரவு கொடுக்காமல் மாதம் முழுக்க ஓடினால் அவர்கள் இங்கேயே இருக்கலாம். அடிக்கடி நின்று, அப்பா குனிந்து தூக்கி நிமிர வேண்டியிருந்தால், மறு பேச்சில்லாமல் கிளம்ப வேண்டும். அத்தான் சரி என்றார். மெஷின் விஷயத்தில் தன்னை யார் ஜெயிப்பது என்ற நினைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

மெஷின் ஒரு பெரிய ஆமை மாதிரி இருந்தது. சாம்பல் நிற ஓடு, மேலே சிவப்பு நிறுத்து பொத்தான், அடியில் சுழலும் சின்ன கத்திகள். அது புல்வெளியைத் தாண்டிப் போகாமலிருக்க, ஓரம் முழுக்க ஒரு எல்லை வயரை முளையடித்துப் புதைக்க வேண்டும். கடை ஆள் வந்து செய்வதாக இருந்தும், அத்தான் முந்தைய நாளே முழங்காலில் உட்கார்ந்து தானே புதைத்துவிட்டார். முதல் நாள் அது கொட்டகையிலிருந்து தானாக வெளியே வந்தபோது நாங்கள் வரிசையாக நின்று பார்த்தோம். சத்தமே இல்லை. கவனிக்காமல் இருந்தால் காலருகில் வந்து நிற்கும்வரை தெரியாது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற டெய்லர், "சார், என் கத்தரிகூட இவ்வளவு ஒழுங்கா வெட்டாது. அடுத்த ஜென்மத்துல இதைத்தான் வேலைக்கு வெச்சுக்கணும்" என்றார்.

"உங்ககிட்ட வேலைக்கு வந்தா இதுவும் சொன்ன தேதிக்குத் தராது" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் தொல்லை ஆரம்பித்தது. புல்வெளி நடுவில், முன்பு வெட்டிய ஒரு மரத்தின் வேர் மண்ணுக்கு மேலே புடைத்திருந்தது. மெஷின் அதன்மேல் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். தூக்கிக்கொண்டால், யாரோ கையால் தூக்குகிறார்கள் என்று நினைத்துக் கத்திகளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுவிடும். நின்றதும் மகனுடைய போனுக்குச் செய்தி போகும். மறு நிமிடம் மகன் கூப்பிடுவான்.

"அப்பா, மெஷினைத் தூக்கினீங்களா?"

"அதுவாத்தான்டா ஏறி நின்னுச்சு."

"இப்ப யாரு இறக்கி விட்டது?"

"காத்து."

"அப்பா!"

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல மருமக வந்து சேர்ந்தா. எதிர்த்துப் பேசறதில்ல, சொன்ன வேலையைச் செய்யுறா. ஆனா வீட்டுல நடக்கறதை எல்லாம் உடனுக்குடன் அவன்கிட்ட போட்டுக் கொடுத்துடறா" என்றாள்.

அத்தான் சிரிக்கவில்லை. ஒரு நாளில் மூன்று தடவைகூட மகன் கூப்பிட்டான். ஒவ்வொரு அழைப்பும் பதினோராவது மாடிக்கு ஒரு படி. வேரை வெட்டிவிடலாமே என்று சொன்னேன். "கோடாலியைத் தொட்டா உங்கக்கா என்னையே வெட்டிடுவா. ஆளு வெச்சு வெட்டினா, தோட்டத்துக்கு ஆளு தேவைப்படுதுல்ல, அப்புறம் எதுக்கு அங்க இருக்கீங்கன்னு கேப்பான்" என்றார். அவன் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். அத்தானுக்கு அவன் குரல் எல்லாம் ஒரே குரலாகக் கேட்க ஆரம்பித்திருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு மாலை போனபோது, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து மெஷினை மல்லாக்கப் போட்டிருந்தார். கத்திகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. அடிமூடியின் ஆறு திருகாணிகளையும் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்ன அத்தான், பிரசவமா?"

"வா லைப்ரரி, இங்க பாரு." ஒரு சின்ன சுவிட்சைக் காட்டினார். "தூக்கினா இது விலகும். விலகினா மெஷின் நிக்கும், அவனுக்குத் தகவல் போகும். கதவு திறந்தா லிஃப்ட் நிக்கற மாதிரிதான். ரெண்டும் ஒரே பயந்தாங்கொள்ளி."

பிறகு எழுந்து போய் ஆணியிலிருந்து சிவப்பு வயரை எடுத்துக்கொண்டு வந்தார். எத்தனையோ வருடமாக அங்கே தொங்கிய வயர். கிளிப்பின் வாயை ஊதித் துடைத்து, சுவிட்சின் இரண்டு முனைகளிலும் மாட்டினார். மூடியை வைத்துத் திருகினார். கடைசித் திருகாணியை முறுக்கும்போது மூச்சு வாங்கியது. அதை மட்டும் வேண்டுமென்றே இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.

"அத்தான், இது வேண்டாம். மனுஷங்க நடக்கற இடம்."

"இடிச்சா திரும்பிப் போற சென்சார் அப்படியேதான் இருக்கு. இது தூக்கறதுக்கு மட்டும். மாசம் முடியட்டும், கடை ஆளு வர்றதுக்கு முந்தின நாள் எடுத்து மாட்டிடறேன். நான் எடுக்காம விட்ட ஜம்பர் ஏதாவது உண்டா, சொல்லு."

ஒன்று உண்டு. அதை அவருக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. இரண்டு பேரும் ஆணியைப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு மெஷின் நிற்கவில்லை. வேரின் மேல் ஏறி, சாய்ந்து, அடியில் கத்திகள் சுழல்வது தெரியத் தெரியத் தத்தளித்து, தானே இறங்கிப் போனது. வேரின் தோல் உரிந்து மஞ்சளாகத் தெரிந்தது. மகனிடமிருந்து போன் குறைந்தது, பிறகு வரவே இல்லை. அத்தான் உற்சாகமாக இருந்தார். அக்காதான் மதிய நேரத்தில் அடிக்கடி போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

நான்காவது வாரம் அக்காவின் ஒரு செருப்பு புல்வெளியில் கிடந்தது. மெஷின் அதன்மேல் ஏறியது. முன்பென்றால் ஏறின மாத்திரத்தில் நின்றிருக்கும். இப்போது ஏறி நின்று அரைத்தது. நாங்கள் போவதற்குள் வாரும் குதிகாலும் துண்டு துண்டாகப் புல்லில் சிதறிக் கிடந்தன.

"இதுக்குள்ள என் கால் இருந்திருந்தா?" என்றாள் அக்கா.

"உன் முட்டிக்கு, நீ அது வழிக்கு வந்து சேர்றதுக்குள்ள அது வேலையை முடிச்சுட்டுக் கொட்டகைக்குப் போயிடும்" என்றார் அத்தான். அக்கா சிரித்தாள். அவர் சிரிக்காமல் குனிந்து செருப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து என்னிடம், "ஞாயித்துக்கிழமை எடுத்துடறேன் லைப்ரரி. திங்கட்கிழமை கடை ஆளு வர்றான். அதோட முடிஞ்சது" என்றார். கண் ஆணிப் பக்கம் போய் வந்தது.

அவர் வெள்ளிக்கிழமை இறந்தார்.

அக்கா முட்டி வலிக்கு இயன்முறை மருத்துவரிடம் போயிருந்தாள். மெஷின் நேரப்படி கொட்டகையிலிருந்து கிளம்பியிருக்கிறது. அத்தான் எதற்காகப் புல்வெளிக்குப் போனார் என்று யாருக்கும் தெரியாது. வேருக்குப் பக்கத்தில் குப்புற விழுந்து, இடது கையை முன்னால் நீட்டிக் கிடந்தார். டெய்லர் தன் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கேட்காத ஒரு சத்தம் கேட்டதாம், கரகரவென்று, ஒரே இடத்திலிருந்து. ரொம்ப நேரம் அது தன் தையல் மெஷினின் கோளாறு என்று நினைத்து, எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறார். பிறகுதான் எட்டிப் பார்த்தார். மெஷின் அத்தானின் நீட்டிய கையின்மேல் பாதி ஏறி, ஒரு பக்கம் தூக்கி நின்று, கத்திகள் சட்டைக் கையை அறுக்க, சுழன்றுகொண்டே இருந்தது. டெய்லர் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்.

மருத்துவமனையில் சொன்னார்கள்: காயம் காரணமல்ல, அது பெரிதும் இல்லை. இதயம்தான். விழுந்த உடனே யாராவது வந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம். ஒருவேளை என்ற சொல்லை மருத்துவர் இரண்டு முறை சொன்னார்.

மகன் இரவுக்குள் வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய சனிக்கிழமை மதியம், கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினான்.

"இங்க பாருங்க சித்தி. பச்சையா காட்டிக்கிட்டே இருந்துச்சு. 'வேலை நடக்கிறது'ன்னு. நான் மீட்டிங்ல உக்காந்து இதைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கொஞ்சம் தூக்கினாகூட உடனே எனக்குச் சொல்லுமே. முதல்ல அப்படித்தானே சொல்லிச்சு? நேத்து அப்பா கைமேல ஏறி நின்னுருக்கு, ஏன் சொல்லலை?"

என் கண் அவன் தோளுக்கு மேலே முன்கதவுப் பக்கம் இருந்தது. ஆணி காலியாக இருந்தது.

"சொல்லியிருந்தா அந்த நிமிஷமே பக்கத்து வீட்டு டெய்லருக்குப் போன் போட்டிருப்பேன். ஓடி வந்திருப்பாரு." குரல் உடைந்து மறுபடியும் சேர்ந்தது. "ரெண்டு வாரமா ஒரு தடவைகூட நிக்கலை. அப்பா ஜெயிச்சுட்டாருன்னு நெனச்சேன். இங்கயே இருங்கப்பான்னு ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்."

வயரைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால், தான் செய்த ஒவ்வொரு போனையும் அவன் ஆயுள் முழுக்க எண்ணிப் பார்ப்பான். மெஷினின் வாயை அப்பா மூடும்படி செய்தது தான்தான் என்று முடிவு கட்டுவான். சொல்லாவிட்டால், திங்கட்கிழமை வரும் கடை ஆள் அதைத் திறப்பான்.

"விடமாட்டேன் சித்தி. பக்கத்துல உக்காந்து கழட்டச் சொல்லுவேன். எது வேலை செய்யலைன்னு என் கண்ணால பாக்கணும்."

அவன் தூங்கப் போன பிறகு அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். அடுப்பு அணைந்திருந்தும் அதன் முன்னால் நின்றாள்.

"ஆணியில வயர் இல்ல" என்றாள்.

"தெரியும்க்கா."

"அவருக்கு இன்னும் வேலை முடியல." குரலில் அழுகை இல்லை. சாதாரணமாக, முன்பெல்லாம் நான் கேட்டபோது பதில் சொன்ன அதே குரல். "எங்க இருக்குன்னும் எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில வெச்சுத்தானே மாட்டினாரு. நான் உள்ள இருந்தேன், குருடா இருக்கல. பையன் அதைப் பாக்கக் கூடாது. நீ எடுத்துக்கிட்டு வந்து மாட்டு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு உறங்கியபோது கொட்டகைக்குப் போனேன். அத்தானின் கருவிப்பெட்டி அங்கேயே இருந்தது. மெஷினை மல்லாக்கப் புரட்டியபோது கத்தியில் சட்டைத் துணியின் நீல நூல் சுற்றியிருந்தது. அதை முதலில் எடுத்தேன். சரியான திருப்புளியைத் தேடிப் பிடிக்க நேரமானது. பலகை இடுக்கு வழியாகப் புல்வெளி தெரிந்தது. வேரைச் சுற்றியும் புல் சமமாக வெட்டப்பட்டு, அழகாக இருந்தது.

முதல் திருகாணி கொஞ்சம் முரண்டு பிடித்துக் கழன்றது. இரண்டாவதும் மூன்றாவதும் சுலபமாக வந்தன. நான்காவதற்குள் என் உள்ளங்கை சிவந்துவிட்டது. ஆறாவது, அவர் இன்னும் ஒரு சுற்று முறுக்கின அந்தத் திருகாணி, அசையவில்லை. முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். திருப்புளி நழுவியது. மறுபடியும் நழுவியது. திருகாணியின் தலைப் பள்ளம் வழித்துக்கொண்டு போய் வட்டமாகிவிட்டது. மூடியின் ஒரு மூலையை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் நெம்ப முடிந்தது. உள்ளே சிவப்பு தெரிந்தது. விரல் அதுவரை போகவில்லை. அந்த நேரத்தில் கூடத்திலிருந்து மகன், "சித்தி, எங்க இருக்கீங்க?" என்று கூப்பிட்டான். மெஷினைப் புரட்டி வைத்துவிட்டு வந்தேன்.

கடை ஆள் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மகன் அலாரம் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். அக்கா வாசல் விளக்கை அணைக்கவில்லை. அவர் வேலையிலிருந்து வர நேரமாகும் நாட்களில் அவள் அதை அணைப்பதில்லை.

ஐந்து திருகாணிகள் என் கைப்பையில் இருக்கின்றன. ஆறாவது மெஷினிலேயே இருக்கிறது.